பாக்குற எடம் வேற, படுக்குற எடம் வேற

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மூணு குடும்பம், மொத்தம் 11 பேரு, அதுல பிள்ளைங்க 5, கடைக்குட்டிக்கு 4 வயசு, அம்மாவுக்கு 67, முட்டி வலி உண்டு. டிசம்பர் ஸ்கூல் லீவுல ரெண்டு ராத்திரி காட்டுல கூடாரம் போட்டுத் தங்கணும், மலேசியாவுல, பேராக் மாநிலத்து பீடோர்ல இருந்து ரொம்ப தூரம் போகக்கூடாது, சீனரி நல்லா இருக்கணும். கூடவே மூணு படம் போட்டிருக்கீங்க, ஆத்தோர மணல்ல கூடாரம், மலை மேல இருந்து பாத்தா பஞ்சு மெத்த மாதிரி மேகம், காலையில பனி மூடுன ஏரி. இதுல எது பெஸ்ட்னு கேட்டிருக்கீங்க. மூணுமே அழகுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி, உங்களுக்கே தெரியாம உள்ள இருக்குற கேள்வி, வேற ஒண்ணு. ராத்திரி 3 மணிக்கு மழ கொட்டுதுன்னு வைங்க, அம்மாவும் அந்த 4 வயசு பிள்ளையும் எங்க படுத்திருக்கணும்? அதுக்கு பதில் கெடச்ச பெறகு சீனரி பாக்கலாம்.

நான் யாருன்னு சொல்லிடறேன். எஸ்டேட் லயத்துல பொறந்தவன், அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு. 26 வருஷம் தமிழ்ப்பள்ளியில வாத்தியாரு, அதுல பெரும்பாலும் சாரணர் பொறுப்பும் என் தலையிலதான், அதனால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவயாவது பசங்களக் கூட்டிக்கிட்டு எங்கயாவது காட்டோரமா படுத்து எந்திரிச்சிருக்கேன். சின்ன வயசுல காடுன்னா எங்களுக்கு வெறகு பொறுக்கவும் கீரை பறிக்கவும் போற எடம், அழக பாக்கப் போனதா ஞாபகமே இல்ல. ஆனா நான் மண்ணு படிச்ச இஞ்சினியர் கெடையாது, லைசன்ஸ் வாங்குன மலை வழிகாட்டியும் கெடையாது. அதனால எது உறுதி, எது என் கணிப்புன்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

மொத படத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுலதான் நானே ஏமாந்தேன். 90கள்ல ஒரு வருஷம், 34 பசங்க, மூணு வாத்தியாருங்க, தாப்பா பக்கம் ஒரு ஆறு. வெள்ள மணலு, கூழாங்கல்லு, தண்ணி கண்ணாடி மாதிரி. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கே கூடாரம் எல்லாம் போட்டாச்சு, பசங்க மூங்கில வெட்டி சட்டி வைக்க மேஜ வேற கட்டிட்டாங்க. நாலு மணி வாக்குல ஒரு ஓராங் அஸ்லி (காட்டுப் பழங்குடி) மாமா, செமாய் இனத்து ஆளு, பெத்தாய்க் காய் கட்டத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தப் பக்கமா வந்தாரு. நின்னாரு, ஒரு சிகரெட்ட பத்த வச்சாரு, "சிக்கு, தீடோர் சினி கா?"ன்னாரு. இங்கயா படுக்கப் போறீங்க வாத்தியாரேன்னு. ஆமான்னேன். அவரு வேற எதுவும் சொல்லல, தாடையால மேல காட்டுனாரு. மூங்கில் பொதருல, கிழிஞ்ச அரிசிச் சாக்கு ஒண்ணு, காஞ்ச எல கொத்து, ஒரு பிள்ள செருப்பு, எல்லாம் ஒரே மட்டத்துல வரிசையா மாட்டியிருக்கு. நான் கைய தூக்கிப் பாத்தேன், எட்டல. யாரு கொண்டு போயி அங்க மாட்டுனது? ஆறுதான்.

உண்மையச் சொல்லணும்னா எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. போட்ட கூடாரத்த எல்லாம் பிரிக்கணும், பாதி வெந்த சோத்துப் பானைய கம்புல மாட்டி ரெண்டு பையனுங்க தூக்கிக்கிட்டு கம்போங்கோட பாலாய் ராயா, அதாவது ஊர்ப் பொதுமண்டபம், வரைக்கும் நடந்தாங்க, பசங்க மொணகுறாங்க, ஒரு வாத்தியாரு மொகத்த தூக்கி வச்சிக்கிட்டாரு. எங்க தலையில ஒரு சொட்டு மழகூட விழல. ராத்திரி பத்து மணி இருக்கும், தூரத்துல லோரியில இருந்து கல்லு கொட்டுற மாதிரி ஒரு சத்தம், நிக்காம கொட்டிக்கிட்டே இருக்கு. டார்ச்ச எடுத்துக்கிட்டு மேட்டுல நின்னு அடிச்சுப் பாத்தோம். மணலக் காணோம். மூங்கில் மேஜயக் காணோம். டே தாரிக், அதான் பால் டீ, கலருல தண்ணி, மரக்கட்ட மெதந்து போகுது, அடியில பாறை உருண்டு ஒண்ணோட ஒண்ணு மோதுற சத்தம் கால் வழியா ஏறுது. மறுநா அந்த மாமாவ தேடிப் போயி ஒரு டின் மைலோ குடுத்தேன், வேற என்னத்த குடுக்க முடியும்.

இதத்தான் இங்க கெப்பாலா ஆயர்னு சொல்றாங்க. நீங்க உக்காந்திருக்குற எடத்துல வெயில் அடிக்கும், மலை மேல மழ கொட்டியிருக்கும், அந்தத் தண்ணி மொத்தமும் குறுகலான பள்ளத்துல சேந்து ஒரே அலையா எறங்கும். வழியில மரம் விழுந்து அடச்சிருந்தா இன்னும் மோசம், தேங்கித் தேங்கி ஒடச்சிக்கிட்டு வரும். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவுல குனோங் ஜெராய் மலையில இப்பிடித்தான் ஆச்சு, மலை மேல பேஞ்ச மழ மண்ணையும் மரத்தையும் அடிச்சிக்கிட்டு எறங்குச்சு, ஆறு பேரு போய்ட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி அறிகுறி உண்டு. தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கும், காஞ்ச எலயும் குச்சியும் கொத்துக் கொத்தா மெதந்து வரும், சத்தம் மாறும், மலப்பக்கம் வானம் கறுத்திருக்கும். இதுல ஒண்ணப் பாத்தாலும் சாமானப் பாக்காதீங்க, ஆத்த விட்டு பக்கவாட்டுல மேட்டப் பாத்து ஏறுங்க, ஆத்தோரமா கீழ்ப்பக்கம் ஓடக்கூடாது. ஒரு குச்சிய தண்ணி விளிம்புல குத்தி வச்சு அடிக்கடி பாக்குறது நல்ல பழக்கம், பகல்ல குளிக்கிற நேரத்துக்கு அது போதும். தூங்குற நேரத்துக்கு குச்சி ஒதவாது தம்பி, தூங்குறவன் எப்பிடிப் பாப்பான். அதனால ஆத்தோரம் குளிக்க, சமைக்க, போட்டோ புடிக்க. படுக்க இல்ல. முன்னாடி வெள்ளம் ஏறுன கோடு எங்க இருக்குன்னு மரத்துல பாருங்க, குப்ப மாட்டியிருக்குற மட்டம், மரத்தண்டுல மண்ணு ஒட்டுன மட்டம். அதுக்கு மேலயும் நல்லா ஒசரத்துல இருக்கணும், அங்க இருந்து மேட்டுக்குப் போக இருட்டுலயும் நடக்குற வழி இருக்கணும், பின்னாடி செங்குத்தா மலச்செவுரு இருந்தா தண்ணி வந்தா மாட்டிக்குவீங்க.

ரெண்டாவது படம், மலை. இங்க ஒரு விஷயம் பேசியே ஆகணும். 2022 டிசம்பர் 16, பத்தாங் காலி. கெந்திங் போற ரோட்டோரமா இருந்த ஒரு கேம்ப் சைட், விடிகால ரெண்டரை மணி வாக்குல மேல இருந்த சரிவு சரிஞ்சு எறங்குச்சு, 31 பேரு எறந்தாங்க. அதுவும் ஸ்கூல் லீவு, அதுவும் குடும்பம் குடும்பமா போனவங்க. நீங்க போகப்போற அதே மாசம். நாள்கணக்கா பேஞ்ச மழைதான் பெரிய காரணம்னு விசாரணையில சொன்னாங்க. அங்க படுத்தவங்க தப்பு எதுவும் பண்ணல, கட்டணம் கட்டி, நல்ல பேரு இருக்குற எடம்னு நம்பிப் போனவங்கதான். அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க கேம்ப் சைட்டுக்கு லைசன்ஸ் இருக்கா, சரிவு எப்பிடின்னு பேச ஆரம்பிச்சாங்க.

ஒரு சரிவு நிக்குமா சரியுமான்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா சில எடத்துல படுக்கவே வேணாம்னு சொல்ல முடியும். புதுசா மண்ண வெட்டி படிப்படியா மட்டம் பண்ணுன எடம், மேல ரோடு போற சரிவோட அடிவாரம், மரம் எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்கிற எடம், தரையில வெடிப்பு, சரிவோட காலடியில சேத்துத் தண்ணி கசியிற எடம், தடுப்புச் செவுரு வயிறு தள்ளி நிக்கிற எடம். எஸ்டேட்ல வளந்தவங்களுக்கு இது புதுசு இல்ல, ரோட்டோர மேடு மழைக்கு சரிஞ்சு டிராக்டர் போக முடியாம நின்னத எத்தன தடவ பாத்திருக்கோம். காசு கட்டுறதுக்கு முன்னாடி கேம்ப் சைட் ஆள்கிட்ட நேராவே கேளுங்க, ஊராட்சி மன்றத்து லைசன்ஸ் கேம்ப் சைட்டுக்கே வாங்கியிருக்கீங்களா, இல்ல தோட்டம், கடை, ரிசோர்ட்னு வேற எதுக்காவதா, மழ எச்சரிக்க வந்தா என்ன பண்ணுவீங்க, காச திருப்பிக் குடுப்பீங்களா. நல்ல ஆளுங்க கோவிச்சுக்க மாட்டாங்க. "அதெல்லாம் பயப்படாதீங்க லா"ன்னு மட்டும் சொல்றவன்கிட்ட போகாதீங்க.

அந்தப் பஞ்சு மெத்த மேகம் இருக்கே, அத பாக்க மலை மேல படுக்கணும்னு அவசியமே இல்ல. முந்தின நாள் மழ பேஞ்சு ஈரம் இருக்கணும், ராத்திரி வானம் தெளிஞ்சு காத்து அடங்கியிருக்கணும், அப்பத்தான் பள்ளத்துல குளுந்த காத்து தேங்கி பனி கட்டும். வெயிலு ஏறுனா ஒம்பது மணிக்குள்ள கலஞ்சிரும். ஆக உங்களுக்கு வேண்டியது விடிகாலையில ஒரு ஒசரமான எடத்துல நிக்கிறது, அவ்வளவுதான். காடியில, அதாவது கார்ல, ஏறக்கூடிய எடமா பாத்து அஞ்சரைக்கு கெளம்புங்க, தாப்பாவுல இருந்து கேமரன் மல ரோடு இருக்கு, அம்மாவும் உக்காந்தபடியே பாக்கலாம். மழ விடாம பேஞ்ச வாரமா இருந்தா அந்த ரோட்டையும் விட்டுடுங்க, மண்சரிவு அங்க புதுசு இல்ல.

நடந்து ஏறுற மலைன்னா சட்டம் ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்குங்க. நம்ம நாட்டுல நெறைய மலையும் நீர்வீழ்ச்சியும் நிரந்தர வனக்காப்பு நெலத்துக்குள்ள இருக்கு. 1984ஆம் வருஷ தேசிய வனச் சட்டம் பிரிவு 47படி பெர்மிட் இல்லாம உள்ள போனா 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்லன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேத்தும் போடலாம். "எல்லாரும் போறாங்களே"ங்கிறது அங்க எடுபடாது. பல மலைக்கு காட்டிலாகாவுல பதிஞ்ச வழிகாட்டியும் கட்டாயம். அதே காட்டிலாகா பொதுமக்களுக்குன்னே தொறந்து வச்ச எடமும் இருக்கு, முன்னாடி ஹூத்தான் லிப்பூர்னு சொல்வாங்க, இப்ப தாமான் எக்கோ ரிம்பான்னு போர்டு மாத்திட்டாங்க. கழிவறை, கொட்டாய், கார் நிறுத்த எடம் எல்லாம் இருக்கும். ஆனா கட்டணம், ராத்திரி தங்க விடுவாங்களா, பராமரிப்புக்கு மூடியிருக்கா, இதெல்லாம் அடிக்கடி மாறுது. மாவட்ட காட்டிலாகா ஆபீசுக்கு போன் அடிச்சுக் கேட்டுட்டு கெளம்புங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் கட்டுன காச இங்க எழுதி உங்களக் கொழப்ப விரும்பல.

மூணாவது படத்துல இருக்குற ஏரி எதுன்னு நீங்க சொல்லல, அது தெமெங்கோர் ஏரி மாதிரி தெரியுது, தண்ணிக்குள்ள பட்ட மரம் நிக்குதே. அது அணை கட்டி காடு மூழ்கி உண்டான ஏரி. அதுக்கு வடக்க ரோயல் பெலும், 2007ல பேராக் அரசாங்கம் மாநிலப் பூங்காவா அறிவிச்சது, 117,500 ஹெக்டர். 10 வகை இருவாச்சிப் பறவ அங்க இருக்கு, ராஃப்லேசியா பூ பூக்கும். பூலாவ் பாண்டிங் ஜெட்டியில இருந்து படகுலதான் உள்ள போகணும், பெர்மிட் முன்கூட்டியே எடுக்கணும். அழகுன்னா என்னோட கணக்குல நம்ம மாநிலத்துல அதுக்கு மிஞ்சுனது இல்ல. ஆனா மூணு காடி நெறைய பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு கெரிக் தாண்டி அவ்வளவு தூரம், அப்புறம் படகு, அப்புறம் கூடாரம், அங்க யானை நடமாட்டம் வேற. கடக்குட்டிக்கு ஒரு பத்து வயசு ஆகட்டும். இல்ல இப்பவே போகணும்னா கூடாரத்த மறந்துட்டு படகுவீட்டுல படுங்க, அம்மாவுக்கும் கட்டில் கெடைக்கும்.

காலம் பத்தி ஒண்ணு. டிசம்பர்னா கெழக்குக் கரைய மொத்தமா விட்டுருங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவமழ, தாமான் நெகாரா கோல தாஹானோ எண்டாவ் ரொம்பினோ கிளந்தான் ஸ்தோங் மலையோ, எவ்வளவு ஆசையா இருந்தாலும் இப்ப இல்ல. எண்டாவ் ரொம்பின எல்லாம் மழக்காலத்துல மூடியே வச்சிருவாங்க. 2014 டிசம்பர் வெள்ளத்த நீங்க மறந்திருக்க மாட்டீங்க. அங்க போக நல்ல காலம் மார்ச் முடிஞ்சு செப்டம்பர் வரைக்கும். நம்ம பக்கம், அதாவது மேற்குக் கரை, கணக்கே வேற. ரெண்டு பருவமழைக்கும் நடுவுல வர்ற மாசம்தான் நமக்கு மழ, ஏப்ரல் மே ஒண்ணு, அக்டோபர் நவம்பர் இன்னொண்ணு, அதுவும் பெரும்பாலும் சாயங்காலம் இடியோட கொட்டும். டிசம்பர்ல அந்த மழையோட வாலு இருக்கும், மண்ணு ஊறிப் போயிருக்கும். போகக்கூடாதுன்னு சொல்லல, ஆனா ஆத்தோரத்துக்கும் சரிவுக்கும் அது மோசமான மாசம்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. லீவ மாத்த முடியும்னா பிப்ரவரி, இல்ல ஜூன் ஜூலை இன்னும் நல்லது.

சரி, எங்கதான் போறது? எனக்கு உங்க நெலமையில 11 பேரு இருந்தா கோப்பெங் பக்கம் போவேன். பீடோர்ல இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, மலை முதுகு பூரா பின்னாடி நிக்கும், ஆறு இருக்கு, பெரிய பசங்களுக்கு கம்பார் ஆத்துல ரப்பர் படகு விடுறாங்க. உலு கெரோவுல செமாய் மக்களே வழிகாட்டியா கூட்டிட்டுப் போயி ராஃப்லேசியாவும் ராஜா புரூக் பட்டாம்பூச்சியும் காட்டுவாங்க. அந்தப் பட்டாம்பூச்சிய பக்கத்துல பாத்திருக்கீங்களா, கறுப்பு றெக்கையில பச்ச முக்கோணம் வரிசையா, யாரோ பிரஷ்ஷால இழுத்து விட்ட மாதிரி, ஈர மணல்ல கூட்டமா உக்காந்து உப்புத் தண்ணிய உறிஞ்சும். பூ பூத்திருக்கான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, ராஃப்லேசியா விரிஞ்சா அஞ்சாறு நாள்தான், அப்புறம் கறுத்து அழுகிரும், அதுக்காகவே போயி ஏமாந்தவங்கள எனக்குத் தெரியும். படுக்க, ஆத்துல இருந்து தள்ளி, தட்டையான தோட்ட நெலத்துல, கூர போட்ட பொதுக் கொட்டாயும் கழிவறையும் இருக்குற கேம்ப் சைட்டா தேடுங்க. பாக்கறதுக்கு சாதாரண புல்லுத் தரையாதான் இருக்கும், போட்டோவுல லைக்கு வராது. பரவால்ல.

ரெண்டாவது நாள் அங்க இருந்தே சுத்தலாம். செண்டெரியாங் பக்கம் லாத்தா கிஞ்சாங், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில போகும்போதே மலை மேல வெள்ளக் கோடா தெரியுமே, அதுதான். காலையில போயி மத்தியானத்துக்குள்ள எறங்கிடுங்க. கோல வோ, தாப்பாவுல இருந்து கேமரன் ரோட்டுல, ஆறு சேர்ற எடம், வெந்நீர் ஊத்தும் உண்டு, ஆனா ஆறு சேர்ற எடம்னாலே தண்ணி ஏறுனா ரெண்டு பக்கமும் ஏறும், அதனால அதுவும் பகலுக்கு மட்டும். அம்மா முட்டிக்கு சுங்காய் பக்கம் சுங்கை கிளா வெந்நீர் ஊத்து, முட்டைய போட்டா வேகுற அளவுக்கு சூடு, பிள்ளைங்க அத விட்டு வரவே மாட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு மேல எந்த நீர்வீழ்ச்சியிலயும் இருக்காதீங்க, இத மட்டும் எங்க பசங்களுக்கு சட்டமாவே வச்சிருந்தேன்.

கூடாரம் போடுற எடத்துல நிமிந்து பாருங்க, எல்லாரும் குனிஞ்சு கல்லு பொறுக்குவாங்க, மேல பாக்க மாட்டாங்க. பட்ட கிள தொங்குதா? டுரியான் மரத்தடியா? டிசம்பர்லயும் சில மரத்துல காய் கெடக்கும், ராத்திரி விழுற டுரியான் கூடாரத்துத் துணிய கேக்காது. தென்ன மரத்தடியும் அதே கதைதான். பழைய ரப்பர் மரத்த நம்பவே நம்பாதீங்க, காத்துக்கு நடுமரமே முறியும், எங்க லயத்துல ஒரு புயல் ராத்திரிக்கு மறுநா காலையில அப்பா வெட்டுக்குப் போயிட்டு உடனே திரும்பி வந்தாரு, அவரு நிரையில பாதி மரம் படுத்திருந்துச்சு. செம்பனை ஓரமா போட்டா எலி, எலிக்குப் பின்னாடி பாம்பு. மூங்கில் பொதருல இருந்து தள்ளிப் போடுங்க. விரிப்புப் பாய் கூடாரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, மழத்தண்ணி அதுல எறங்கி உங்க முதுகுக்கு அடியில வந்து நிக்கும். மேல ஒரு பெரிய கன்வஸ் கட்டுங்க, நீங்க வச்சிருக்குற கூடாரம் கடல்கரைக்கு செஞ்சது மாதிரி தெரியுது, மேல்துணி அரைவாசிதான் வருது.

மிருகம் பத்தி பொண்டாட்டி பயப்படுறதா எழுதியிருக்கீங்க. மலாயாப் புலி காட்டுல 150க்கும் கொறவுதான் மிச்சம், அது உங்களத் தேடி கேம்ப் சைட்டுக்கு வராது. வர்றது கொரங்கும் காட்டுப்பன்னியும்தான், சாப்பாட்ட கூடாரத்துக்குள்ள வைக்காம காடிக்குள்ள பூட்டுங்க. காலையில சப்பாத்த உதறிட்டு மாட்டுங்க, பூரான் அங்கதான் படுத்திருக்கும். உப்பு, பெலேராங் (கந்தகம்) சுத்திப் போட்டா பாம்பு வராதுன்னு எங்க பாட்டி காலத்துல இருந்து சொல்றாங்க, நானும் வருஷக்கணக்கா தூவியிருக்கேன், உண்மையா வேல செய்யுதான்னா எனக்கு நம்பிக்க இல்ல, ஒருதடவ அந்த உப்புக் கோட்டுக்கு மேலயே ஒண்ணு சாவகாசமா போச்சு. சுத்தி வெளிச்சமும் சுத்தமும் இருந்தா போதும். அட்டைக்கு பொகையில தண்ணியில நனச்ச காலுறை நல்லா கேக்கும், மறுபடி ஆத்துல நனையிற வரைக்கும்.

நோயப் பத்தி யாரும் பேசறது இல்ல, அதுதான் எனக்கு கவல. எலி மூத்திரத்துல வர்ற லெப்டோங்கிற காய்ச்சக் கிருமி ஆத்துத் தண்ணியில, சேத்துல, காயம் வழியா ஏறும். 2010ல பகாங் லூபோக் யூவுல தண்ணியில மூழ்குன ஒருத்தரத் தேடப் போனவங்க பல பேருக்கு லெப்டோவும், மெலியோய்டோசிஸ்ங்கிற மண்ணுக் கிருமி நோயும் வந்து 8 பேரு எறந்தாங்க, எடத்தையே மூடுனாங்க. பிள்ளைங்க கால்ல புண்ணு இருந்தா ஆத்துல எறக்காதீங்க, ஆத்துத் தண்ணிய கொதிக்க வைக்காம யாரும் குடிக்கக்கூடாது. இன்னொண்ணு கொரங்கு மலேரியா. மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்கு பரவுற மலேரியா 2018ல இருந்து நம்ம நாட்டுல உள்ளூருல இல்ல, ஆனா கொரங்குல இருந்து கொசு வழியா வர்றது இன்னும் இருக்கு, அந்தக் கொசு பொழுது சாஞ்ச பெறகு கடிக்கும். ஆறு மணிக்கு மேல நீளக் கை சட்ட, கொசு மருந்து. திரும்பி வந்து ஒரு மாசத்துக்குள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தா பனடோல் போட்டுப் படுக்காம கிளினிக்குக்குப் போயி "காட்டுல தங்குனோம், ஆத்துல குளிச்சோம்"னு வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலன்னா டாக்டர் டெங்கின்னு நெனச்சு அதுக்கு மட்டும் ரத்தம் பாப்பாரு.

கெளம்புற அன்னைக்கு காலையில வானிலை இலாகா எச்சரிக்கையப் பாருங்க. தொடர்மழைக்கு மூணு படி, வாஸ்பாடா (உஷார்), புரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து). மஞ்சளா வாஸ்பாடா வந்தாலே நான் பஸ்ஸ கேன்சல் பண்ணிடுவேன், பெற்றோர் திட்டுவாங்க, முன்பணம் போகும், அடுத்த மாசம் போவோம். அங்க போன பெறகு எந்த எடத்துல போன் லைன் கெடைக்குதுன்னு மொத வேலையா நடந்து பாத்து எல்லாருக்கும் காட்டுங்க, 999 அடிக்க அதுதான் எடம். காடிய வெளிய பாத்த மாதிரி திருப்பி நிறுத்துங்க, சாவி யார்கிட்டன்னு எல்லாருக்கும் தெரியணும். எங்க பசங்க காட்டோர முனீஸ்வரன் கோயில்ல ஒரு எலுமிச்சம்பழம் வச்சு சூடம் காட்டிட்டுதான் உள்ள போவாங்க, நான் வேணாம்னு சொன்னதே இல்ல, அஞ்சு நிமிஷம் எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க, தலைய எண்ணிக்குவேன்.

அம்மாவுக்கு தரையில படுக்க வைக்காதீங்க, மடக்குக் கட்டில் ஒண்ணு வாங்குங்க, ராத்திரி எந்திரிச்சு கழிவறைக்குப் போற வழியில கயிறு எதுவும் குறுக்க இல்லாம பாருங்க, கூடாரக் கயித்துல வெள்ளத் துணி கட்டி விடுங்க. சமையலுக்கு கேஸ் அடுப்பு போதும், ஈர வெறக ஊதி கண்ணு செவக்க வேணாம். கன்வஸ் வாங்க காசு செலவு பண்ணாதீங்க, என்கிட்ட பெருசா ரெண்டு இருக்கு, ரிட்டையர் ஆன நாள்ல இருந்து ஸ்டோருல சும்மா கெடக்கு, ஒரு மூலையில எலி கடிச்ச ஓட்ட இருக்கு, அத டேப்பு போட்டு ஒட்டிக்குங்க. பீடோர்தானே, சந்தைக்கு வர்ற அன்னைக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுட்டு வந்து எடுத்துக்குங்க தம்பி.